பழைய ஸ்கூட்டரைத் தள்ளிவிடும் முன்...



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது வங்கிக் கடன் பற்றியோ சுழல் நிதி பற்றியோ அல்ல, ஒரு ஸ்கூட்டரைப் பற்றி. கூட்டத்துக்கு வராத குழுக்களும் கேட்டதால் அதை விரிவாக இங்கே எழுதுகிறோம். நம்முடைய குழுக்களில் ஸ்கூட்டரோ எக்ஸ்எல் வண்டியோ வைத்திருக்கும் சகோதரிகள் இன்று நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேருக்காவது இது பயன்படும் என்று நம்புகிறோம்.

2018 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசின் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் சென்னையில் தொடங்கப்பட்டது. வேலைக்குப் போகும், தொழில் செய்யும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25 ஆயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனால் அதில் வாங்கிய வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஏழு வருசம் ஆன வண்டிகள் அவை. மீட்டர் 40 ஆயிரம், 50 ஆயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது.

அப்படி ஒரு வண்டிதான் நம் மாவு அக்காவுடையதும். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இட்லி மாவு அரைத்து 11 கடைகளுக்குப் போடுகிறார். விடிகாலை மூன்று மணிக்குக் கிரைண்டர் ஓடும், ஐந்தரைக்கு வண்டி கிளம்பும். தினம் 24 கிலோமீட்டர். 2018 நவம்பரில் எடுத்த வண்டி, இப்போது 51 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

2025 டிசம்பரில் ஒரு பனிக் காலையில், ரயில்வே பாலத்துச் சரிவில் இறங்கும்போது இடது கைப் பிரேக்கின் கேபிள் அறுந்துவிட்டது. காலடியில் மாவுப் பாக்கெட் 45 கிலோ. வண்டி சரிந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தது. முழங்காலில் ஏழு தையல். எதிரே லாரி ஏதும் வராததால் தப்பித்தார். பன்னிரண்டு நாள் மாவு போகவில்லை. அதற்குள் மூன்று கடைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு கடை திரும்பி வந்தது, ஒன்று இன்னும் வரவில்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டு மாதமே அவர் குழுவில் "வண்டி ரிப்பேருக்கு 3,000 ரூபாய் வேணும்" என்று கேட்டிருந்தார். வண்டி ரிப்பேர் என்பது நுகர்வுக் கடன், தொழில் கடன் கேட்டவர்களுக்கு முதலில் கொடுப்போம் என்று குழு தள்ளி வைத்தது. அப்படி வகை பிரிக்கச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். மாவு வியாபாரத்தில் கிரைண்டர் எவ்வளவு முக்கியமோ வண்டியும் அவ்வளவு முக்கியம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

"எஞ்சின் போச்சுக்கா"

விபத்துக்குப் பிறகு வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனது அவர் தம்பி. அங்கே சொன்ன பதில் இது: "எஞ்சின் போச்சுக்கா. போர் வேலை பண்ணணும், பெயிண்ட் அடிக்கணும், எல்லாம் சேர்த்து 19,500 ஆகும். அந்தக் காசுக்கு புது வண்டிக்கு முன்பணம் கட்டிடலாம்."

அக்கா குழுவில் வந்து புது வண்டிக்குக் கடன் கேட்டார். குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அப்போதுதான் பிரதிநிதி எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் வண்டி வேலை தெரிந்தவர்கள் இல்லை. அதனால் தாலுகா ஊரில் 25 வருசமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம், அக்காவையும் கூட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் எஞ்சினைப் பிரிக்கவே இல்லை. மூன்று காரியம் செய்தார்.

முதலில், இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பார்த்தார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, உள்ளே ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அது கார்பரேட்டர் அல்லது ஏர் பில்டர் கோளாறு. பனிக்காலத்தில் முதல் ஒரு நிமிடம் வரும் வெள்ளை ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாவு அக்கா வண்டியில் லேசான கறுப்புதான் வந்தது.

அடுத்து, சாவியைப் போடாமல் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திப் பார்த்தார். நல்ல எஞ்சின் என்றால் ஒரு இடத்தில் எதிர்த்து நிற்கும். வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. இவருடையது நன்றாகவே எதிர்த்தது.

மூன்றாவதாக ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். அக்காவுக்கு ஞாபகமில்லை. ஆனால் அளவு குறையவில்லை, கன்னங்கரேலென்று மட்டும் இருந்தது.

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலம்மா. சுத்தி இருக்கிறதெல்லாம் தேஞ்சிருக்கு" என்றார். இந்த ஒரு வரி 11 ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியது. கிலோமீட்டர் அதிகம் ஓடிய பல வண்டிகளின் நிலைமை இதுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ரப்பர், கேபிள், பெல்ட், பேரிங் எல்லாம் களைத்துப் போயிருக்கும். மொத்தமாகச் சேர்ந்து வரும்போது வண்டியே செத்த மாதிரி தெரியும்.

எதை முதலில் மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பணம் இருக்காது. அதனால் வேலைகளை மூன்று கட்டாகப் பிரித்துக்கொண்டோம். உயிருக்கு ஆபத்தானது முதல் கட்டு. வழியில் நிறுத்திவிடக்கூடியது இரண்டாவது. காசைத் தின்பது மூன்றாவது. பளபளப்புக்கானது எந்தக் கட்டிலும் இல்லை.

முதல் கட்டு: பிரேக், டயர், ஹேண்டில்

பிரேக் கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. உள்ளே இருக்கும் கம்பி இழை இழையாக விட்டுக்கொண்டே வரும். கைப்பிடியின் கீழே கேபிள் நுழையும் இடத்தையும், சக்கரத்தின் பக்கம் கேபிள் முடியும் இடத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு இழை துருத்திக்கொண்டு நின்றாலும் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது. பிரேக் பிடித்துவிட்டால் கைப்பிடி சட்டென்று திரும்பாமல் மெதுவாக வருகிறதா? உள்ளே துரு பிடித்திருக்கிறது. அக்கா வண்டியில் இரண்டு அறிகுறியும் ஆகஸ்டிலேயே இருந்திருக்கின்றன. "கொஞ்சம் கட்டியா இருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

கைப்பிடியை அழுத்தினால் ஒரு விரல் அகலத்துக்குள் பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். கைப்பிடி வந்து ஹேண்டிலைத் தொடுகிறது என்றால் டைட் வைக்க வேண்டும். டைட் வைத்து டைட் வைத்து நட்டு கடைசிக்கே வந்துவிட்டதா, ஷூ தேய்ந்துவிட்டது. டிரம் பிரேக் வண்டிகளில் சக்கரத்தின் அருகே பிரேக் நெம்புகோலில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது அந்த அம்பு, டிரம் மூடியில் உள்ள குறிக்கு நேராக வந்துவிட்டால் ஷூ மாற்ற வேண்டும். பட்டறைக்காரர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாமே பார்க்கலாம். ஷூ மாற்றும்போது டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், ஊதவும் விடாதீர்கள். நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இன்னொரு விசயம். பல ஸ்கூட்டர்களில் இடது கைப் பிரேக்கைப் பிடித்தால் முன், பின் இரண்டு சக்கரமும் பிடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதனாலேயே நம்மில் பலர் வலது கைப் பிரேக்கை மறந்துவிடுகிறோம். மாவு அக்காவுக்கு அன்று வலது பிரேக் நன்றாகவே இருந்தது. ஆனால் கை போகவில்லை. ஏழு வருசத்தில் அதைப் பிடித்துப் பழகவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள். தினமும், மெதுவாகப் போகும்போதும்.

டயருக்கு வருவோம். டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்ற வேண்டும். தேயவே இல்லை என்றாலும் வயது உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று கட்டத்துக்குள் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருசத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஆறேழு வருசம் ஆகி, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் ரப்பர் இறுகிவிட்டது. மழையில் பிடிக்காது. புது டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் பாருங்கள். கடையில் மூன்று வருசம் கிடந்த டயரை நம் தலையில் கட்டிவிடுவார்கள். காற்றின் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பல 110 சிசி ஸ்கூட்டர்களுக்கு முன்னால் 22, பின்னால் ஒருவர் என்றால் 29, பின்னால் ஆளோ பாரமோ இருந்தால் 36. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு காற்று அடிக்கும் கடைகளில் நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஹேண்டில் ஆட்டத்துக்கு ஒரு எளிய சோதனை. நடு ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் மேலே எழும். அப்போது ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல 'டக்'கென்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது. இந்த வண்டியில் கையை லேசாக எடுத்தாலே ஹேண்டில் ஆடும். பாரம் ஏற்றும் வண்டிகளில் இது சீக்கிரம் போகும்.

இரண்டாம் கட்டு: நடுவழியில் நிறுத்துபவை

மாவு மில்லில் எஞ்சினுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பட்டை ஓடுமே, பார்த்திருப்பீர்கள். ஸ்கூட்டருக்குள்ளும் அப்படி ஒரு பெல்ட் இருக்கிறது. எஞ்சின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். கியர் இல்லாத வண்டி என்கிறோமே, அந்தக் கியரின் வேலையைச் செய்வதும் இந்தப் பெல்ட்டும் அதன் இரண்டு பக்கச் சக்கரங்களும்தான். முன்பக்கச் சக்கரத்துக்குள் கொட்டைப்பாக்கு மாதிரி ஆறு ரோலர்கள் இருக்கும். வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கமாக உருண்டு போய்ச் சக்கரத்தை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், வண்டி வேகம் எடுக்கும். ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிட்டால் உருளாது, இழுபடும். அப்போது சத்தம் மட்டும் கூடும், வண்டி இழுக்காது.

பாலம் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது, கிளம்பும்போது உடம்பெல்லாம் உதறுகிறது. இதைத்தான் முதல் பட்டறைக்காரர் "எஞ்சின் போச்சு" என்று சொன்னார். திறந்து பார்த்தால் பெல்ட்டின் உட்பக்கப் பல்லுக்கு அடியில் விரிசல். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று தெரியாது. 20 முதல் 25 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிய பெல்ட், 51 ஆயிரம் வரை ஓடியிருக்கிறது. பெல்ட் அறுந்தால் எஞ்சின் ஓடும், வண்டி நின்றுவிடும். ரோட்டோரத்தில் உட்கார்ந்து சரி செய்யக்கூடிய வேலை அது இல்லை. விடிகாலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும் தனியாக வண்டி ஓட்டுகிற நமக்கு இது வெறும் மெக்கானிக் விசயம் மட்டுமா, நீங்களே சொல்லுங்கள். பெல்ட் மாற்றும்போதே ரோலரையும் மாற்றிவிடுங்கள். ஒரே மூடியைத்தான் திறக்கிறார்கள், கூலி ஒன்றுதான்.

பேட்டரி இரண்டு மூன்று வருசம் வரும். செல்ப் எடுக்காவிட்டால் கிக்கரை அடித்துக்கொள்ளலாம் என்று பலர் காலம் தள்ளுகிறார்கள். தள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஹாரனும் இண்டிகேட்டரும் மங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பேட்டரி போடும் முன் சார்ஜ் ஆகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது 13 வோல்ட்டுக்கு மேல், 14.5-க்கு மிகாமல் காட்ட வேண்டும். சார்ஜே ஆகாத வண்டியில் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் ஒரு மாதத்தில் படுத்துவிடும்.

பெட்ரோல் டியூபையும் மறக்காதீர்கள். நாடு முழுவதும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அந்த அளவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் டியூப் இறுகி வெடித்திருந்தால் 60 ரூபாயில் மாற்றிவிடலாம். கசிந்து தீப்பிடிக்கும் வரை விடக்கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

மூன்றாம் கட்டு: காசைத் தின்பவை

எஞ்சின் ஆயில் எல்லாருக்கும் தெரியும். ஸ்கூட்டரில் இன்னொரு ஆயிலும் உண்டு. பின்சக்கரத்தின் அருகே தனியாக ஒரு சின்ன அறைக்குள் கியர் ஆயில், 120 மில்லி அளவு. ஒரு டம்ளருக்கும் குறைவு. இதை மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அவர்களும் மாற்றுவதில்லை. மாவு அக்கா வண்டியில் ஏழு வருசமாக அதே ஆயில்! நல்லவேளை பேரிங் போகவில்லை. எஞ்சின் ஆயிலும் பைக்குக்கு ஊற்றுவதையே ஊற்றிவிடாமல் கையேட்டில் எழுதியுள்ள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும்.

ஏர் பில்டர் பல ஸ்கூட்டர்களில் எண்ணெய் பூசிய காகிதம். கம்ப்ரஸரில் காற்றடித்துத் திரும்ப மாட்டினால் அது கெட்டுவிடும், மாற்றத்தான் வேண்டும். மண்ரோட்டில் ஓட்டுபவர்கள் கையேட்டில் சொன்னதைவிடச் சீக்கிரமே மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றினால் நுனி வெளிர் காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது. எண்ணெய்ப் பசையாக நனைந்திருந்தால் மேலே சொன்ன நீலப் புகைச் சமாச்சாரம்.

எக்ஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு

1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்த நாளில் இருந்து நம் ஊர்க் களத்துமேட்டு வண்டி இதுதான். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக், அதற்குத் தனியாக எஞ்சின் ஆயில் உண்டு. அதற்கு முந்தைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். 'கொஞ்சம் கூட ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது' என்பது தவறு. சைலன்சரில் கரி அடைத்து வண்டி இழுக்காமல் போவதற்கு முக்கியக் காரணமே அதுதான். இழுவை குறைந்த பழைய எக்ஸ்எல் வண்டிக்கு முதலில் சைலன்சரைக் கழற்றிக் கரி எடுக்கச் சொல்லுங்கள். பல வண்டிகள் அதிலேயே பாதி தேறிவிடும். செயின் மாற்றினால் பல் சக்கரங்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். பிரேக் கேபிள் பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும்.

எவ்வளவு ஆனது?

முதல் கட்டு: இரண்டு டயர் 2,700, இரண்டு செட் பிரேக் ஷூ 560, இரண்டு கேபிள் 340, கோன் செட் 480, கூலி 500. ஆக 4,580 ரூபாய். இரண்டாம் கட்டு: பெல்ட் 620, ரோலர் 240, பேட்டரி 1,250, பெட்ரோல் டியூப் 60, பிளக் 110, கூலி 450. ஆக 2,730. மூன்றாம் கட்டு: எஞ்சின் ஆயில் 380, கியர் ஆயில் 60, ஏர் பில்டர் 240, கார்பரேட்டர் சுத்தமும் டேப்பெட் வேலையும் 400. ஆக 1,080. மொத்தம் 8,390 ரூபாய். இது ஒரு ஊரின், ஒரு வண்டியின் கணக்கு. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

பெயிண்ட் அடிக்கவில்லை. சைலன்சர் மாற்றவில்லை. பளிச்சென்று அடிக்கும் பெரிய பல்பும் போடவில்லை, அது ஹோல்டரை உருக்கிவிடும். சீட் கவர் மட்டும் 250 ரூபாய்க்குத் தைத்துப் போட்டார். கிழிந்த சீட்டில் மழைத் தண்ணீர் இறங்கி நாள் முழுக்க ஈரத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. அதை ஆடம்பரம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

குழுவில் 9,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 900 வீதம் பத்துத் தவணை. குறையும் அசலுக்கு வட்டி என்பதால் மொத்த வட்டி 495 ரூபாய்தான். புது வண்டிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உதாரணத்துக்கு, முன்பணம் போக 75 ஆயிரம் ரூபாய்க்கு பைனான்ஸ், 10 சதவீதம் 'பிளாட்' வட்டி, இரண்டு வருசம் என்றால் வட்டி மட்டும் 15 ஆயிரம். மாதம் 3,750 கட்ட வேண்டும். மாவு விற்று மாதம் 3,750 எடுத்து வைக்க முடியுமா என்று குழு கேட்டது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "முடியாது" என்றார்.

மைலேஜ் லிட்டருக்கு 38-ல் இருந்து 46 ஆகியிருக்கிறது. அக்காவே டேங்க் நிரப்பி, மீட்டர் எழுதி, கணக்குப் பார்த்தார். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26 நாளைக்குச் சுமார் 285 ரூபாய் மிச்சம். தவணையில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடுகிறது.

எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. சேசிஸ் துருப்பிடித்து வெடிப்பு விட்டிருந்தால், அல்லது நீலப் புகையும் வந்து, கிக்கரும் வழுக்கி, மேலே சொன்ன எல்லாமும் தேய்ந்திருந்தால், அதில் பணம் போடாதீர்கள். விற்றுவிடுவதே மேல். போர் வேலை மட்டும்தான் பாக்கி, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் செய்யலாம். இது எங்கள் அபிப்பிராயம்.

பட்டறையில் நாம்

வண்டியைத் தம்பியிடமோ வீட்டுக்காரரிடமோ கொடுத்து அனுப்பாதீர்கள். ஓட்டுகிற உங்களுக்குத்தான் எங்கே உதறுகிறது, எப்போது சத்தம் வருகிறது என்று தெரியும். கோளாறுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வேலை தொடங்கும் முன் எது எவ்வளவு என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். முதல் பட்டறையில் அக்கா வண்டிக்கு முந்தின வருசம் 'பிரேக் ஷூ மாற்றினோம்' என்று பணம் வாங்கியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் கம்பெனியில் இருந்து வந்த ஷூவே இருந்தது. பழைய சாமானைக் கேட்கும் வழக்கம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எங்களைக் கூட்டிக்கொண்டு போனால்தான் மரியாதை என்றும் நினைக்க வேண்டாம். குழுவில் இருந்து இரண்டு பேர் சேர்ந்து போனாலே பேச்சு மாறிவிடுகிறது, பார்த்திருக்கிறோம்.

காகிதங்கள்

வண்டி சரியானதும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கலாம் என்று எடுத்தபோதுதான் இன்னொரு விசயம் வெளியே வந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருச மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே போட வேண்டும் என்று ஆனது. அக்கா வாங்கியது நவம்பரில். "அப்பவே அஞ்சு வருசத்துக்குக் கட்டியாச்சு" என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டார். அது 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. இரண்டு வருசம் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியிருக்கிறார். அந்தப் பாலத்தில் வேறொருவர் மேல் மோதியிருந்தால் நஷ்ட ஈடு முழுவதையும் அவர் கைக்காசில் கொடுத்திருக்க வேண்டும். வீட்டை விற்றாலும் அடையாத தொகையாக அது இருந்திருக்கும். போலீசில் பிடித்தாலும் முதல் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதம். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 75 முதல் 150 சிசி வரையான வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வருசத்துக்கு 714 ரூபாய், வரி தனி. கட்டும்போது அந்த நாள் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் அதில்தான் பணம் வரும். அதற்கு ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும், உங்களிடம் லைசென்சும் இருக்க வேண்டும்.

பதிவு 15 வருசத்துக்குத்தான் செல்லும். 2018 வண்டிகளுக்கு 2033 வரை கவலை இல்லை. 2010, 2011-ல் வாங்கிய எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்து வருசத்துக்குப் புதுப்பிக்கலாம். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் சரி செய்தபின் போனால் ஒரே நடையில் முடியும். புகைச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

கூட்டமைப்பில் எடுத்த தீர்மானம் இது: வண்டியை நம்பித் தொழில் செய்யும் உறுப்பினர் பழுது பார்க்கக் கேட்கும் கடன் இனிமேல் தொழில் கடனாகவே பதிவு செய்யப்படும். பட்டறையில் எழுதி வாங்கிய மதிப்பீடும், நடப்பு இன்சூரன்ஸ் நகலும் மனுவோடு வைக்க வேண்டும். முதல் கட்டு வேலைக்குக் கேட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம், பிறகு தீர்மானப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துவிடுங்கள். கூட்டத்துக்கு வண்டியில் வருபவர்கள் உள்ளே வரும் முன் வாசலிலேயே ஒருவருக்கொருவர் கேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும்.